ஆறாப்புண்ணும் ஒரு வாத்து முட்டையும்

அம்மாவின் வலது காலில் ஒரு விரலை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இருபது வருட இனிப்புநீர். கிளினிக்கில் கட்டு மாற்றும் மிஸி ஒவ்வொரு முறையும் புண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் சதை ஏறலையேம்மா" என்பார். உணவு ஆலோசகர் ஒரு மலாய்க்கார இளம்பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெலோர், ஈக்கான், சாயோர்... ஹாரி-ஹாரி மாக்கான்" என்று சொல்லி, ஒரு தாளில் முட்டைக்கும் மீனுக்கும் கீரைக்கும் வட்டம் போட்டுக் கொடுத்தார். அம்மா நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் ஐஸ்பெட்டியின் மேல் போய்ச் சேர்ந்தது.

சித்தி பார்க்க வந்தார். "புண்ணு ஆறாம முட்டையத் தொடக்கூடாதுக்கா. சீழ் வெச்சிரும்." அம்மாவுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ரசம், சோறு, சுட்ட அப்பளம், கொஞ்சம் புடலங்காய் என்று நாள் ஓடியது. நான் சத்தம் போட்டபோது அம்மா சாட்சிக்கு ஒருவரை இழுத்தார்.

"பெரியப்பா காலப் பாத்திருக்கல்ல நீ? சயாமுக்குப் போயிட்டு வந்த காலு. சாகற வரைக்கும் அவரு முட்டையத் தொட்டதில்ல. அந்தப் புண்ணுக்குப் பத்தியம் இருந்து பழகுனவரு."

பார்த்திருக்கிறேன். அவர் என் தாத்தாவின் அண்ணன். எங்களுக்குப் பெரியதாத்தா. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய இடது கணைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. அந்த இடத்தில் முடி கிடையாது. தோல் எண்ணெய்த்தாள் மாதிரி மினுங்கும். பிள்ளைகள் நாங்கள் விரலால் தொட்டுப் பார்ப்போம். "எலும்பு தெரிஞ்ச எடம்டா அது" என்பார். அதற்குமேல் பேச்சை வளர்க்கமாட்டார்.

எலும்பு தெரியுமளவு போன புண் முட்டையை ஒதுக்கியதால் ஆறியது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சயாம் ரயில்பாதையில் ஏன் அத்தனை பேருக்குக் கால் புண் ஆறாமல் போனது, சிலருக்கு மட்டும் எப்படி ஆறியது என்று தேடத் தொடங்கினேன். தேடல் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் தொடங்கி கோலாலம்பூர் வழியாகக் காஞ்சனாபுரிக்குப் போனது. பெரியதாத்தாவின் முட்டைக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐம்பது வருடப் புண் திறந்தது

1740இல் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி உலகைச் சுற்றப் புறப்பட்டார். மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டும்தான் சாப்பாடு. ஸ்கர்வி நோய் ஆட்களை வரிசையாகச் சாய்த்தது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், உடம்பில் கருநீலத் திட்டுகள் தோன்றும், எழுந்து நிற்கும்போதே ஆள் விழுந்து செத்துப்போவான். 1748இல் வெளிவந்த பயணக் குறிப்பில் ஒரு கிழவரைப் பற்றிய செய்தி வருகிறது. அவர் 1690இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டவர். காயம் அப்போதே ஆறி ஐம்பது வருடம் ஆகிவிட்டது. கப்பலில் ஸ்கர்வி பிடித்தபோது அந்தப் பழைய காயங்கள், ஒருநாளும் ஆறாதவைபோல, திரும்பத் திறந்துகொண்டன.

இதைப் படித்தபோது எனக்கு உடனே பெரியதாத்தாவின் தழும்புதான் நினைவுக்கு வந்தது. தழும்பை முடிந்துபோன விஷயம் என்றுதான் நாம் எண்ணுகிறோம். உடம்பின் கணக்கில் அப்படியில்லை. அத்தாப்புக் கொட்டகையை ரோத்தானால் கட்டியிருப்பார்களே, அதுபோல. பழைய கட்டு இற்றுப்போகப் போகப் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவதற்குக் கயிறு வராவிட்டால், இற்றுப்போவது மட்டும் நடக்கும்.

அந்தக் கயிற்றின் பெயர் கொலாஜன். தோலையும் தழும்பையும் இழுத்துப் பிடிப்பது அந்தப் புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடம் அது. முறுக்கு நிற்க வேண்டுமானால் இழையில் சில இடங்களில் ஒரு சின்ன வேதிமாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு இரும்பும் வைட்டமின் சியும் தேவை. வைட்டமின் சி இல்லையென்றால் இழை உருவாகும், ஆனால் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். ஆன்சனின் கிழவருக்கு நடந்தது இதுதான்.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பண்டங்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் எழுந்துவிட்டார்கள். கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க 1795 வரை ஆனது. தெரிந்த ஒன்று சாப்பாட்டுத் தட்டுக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு. இந்த இடைவெளியை மறக்க வேண்டாம். இன்னும் இரண்டு இடங்களில் இது வரும்.

தன் முதுகையே கீறச் சொன்ன டாக்டர்

பசிக்கும் புண்ணுக்கும் உள்ள உறவைத் துல்லியமாகக் காட்டியவர் ஜான் கிராண்டன், பாஸ்டனில் ஓர் இளம் அறுவை மருத்துவர். 1939இல் அவர் வைட்டமின் சி துளியும் இல்லாத சாப்பாட்டைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டார். மற்ற வைட்டமின்களை மாத்திரையாக எடுத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் அவர் ரத்த நீரில் வைட்டமின் சி அறவே இல்லை. மூன்றாம் மாதம் முதுகில் ஒரு கீறல் போடச் சொன்னார். அது சாதாரணமாக ஆறிவிட்டது! ஆறாம் மாதம் மீண்டும் கீறினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேல்தோல் மட்டும் மூடியிருந்தது. அடியில் வெறும் ரத்தக்கட்டு. பிறகு நாளுக்கு ஒரு கிராம் வைட்டமின் சியை ஊசியில் ஏற்றினார்கள். அடுத்த பத்து நாளில் புண் உள்ளிருந்து ஆறத் தொடங்கியிருந்தது.

இதில் என்னை நிறுத்தியது அந்த மூன்றாம் மாதக் கீறல். ரத்தத்தில் ஒன்றுமில்லாத பிறகும் உடம்பு எங்கேயோ சேமித்து வைத்ததை எடுத்துச் செலவழித்திருக்கிறது. ஆறாம் மாதம் சேமிப்புத் தீர்ந்துவிட்டது. அதனால் ஒருவனுக்குப் புண் ஆறுமா என்பது இன்றைய சாப்பாட்டை மட்டும் பொறுத்ததல்ல. காயம்படும் நாளில் அவன் எவ்வளவு கையிருப்போடு வந்தான் என்பதும் சேர்ந்தது.

கிராண்டனின் முடிவுகள் 1940இல் அச்சாயின. போர் நடக்கும்போதே இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கி தூக்க மறுத்த தொண்டர்கள் இருபது பேர் இதே சோதனைக்கு உடம்பைக் கொடுத்தார்கள். நாளுக்கு 10 மில்லிகிராம் கிடைத்தவர்களுக்கு ஸ்கர்வி வரவில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறே அதற்குப் போதும். இவ்வளவு சின்ன விஷயம்தான்.

புழுங்கலரிசி சொன்ன சேதி

வைட்டமின் சி மட்டும் கதையல்ல. அடுத்த அத்தியாயம் நம்ம ஊரில் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் பெரிபெரி கொன்று குவித்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் சாகிறார்கள், தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. அதே வெயில், அதே கொசு, அதே தண்ணீர். வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் பிடிவாதமாகத் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி.

1905 முடியும் தறுவாயில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி. ஒரு வருடத்தில் முதல் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் தின்ற பிரிவில் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுவில் சடக்குப் போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே உறுதிசெய்தார்கள். ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்று உயிர்ச்சத்து என்று நிரூபித்தார்கள். நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிற்பாடு அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

நம் பாட்டிமார்களின் நெல் அவிக்கும் பானை உலக மருத்துவ வரலாற்றில் ஒரு சாட்சி. ஆனால் பெருமைப்படுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தீட்டிய சயாம் அரிசியை மட்டுமே கொடுத்தால் உழைக்கும் மனிதன் என்ன ஆவான் என்பது மலாயாவில் கண்டுபிடிக்கப்பட்டு, அச்சிடப்பட்டு, முப்பது வருடத்துக்கு மேலாக மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தமிழர்களைப் பார்த்தே அது தெரியவந்தது. 1942-43இல் அதே தமிழர்களை ரயிலேற்றி, அதே அரிசியைத்தான் போட்டார்கள்.

மூங்கில் கீறல்

சயாமின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17இல் இரு முனைத் தண்டவாளங்களும் கொன்கொய்தாவில் சந்தித்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல் வேலை செய்து, 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிட மூன்று மடங்குக்குக் குறையாது. இறந்தவர்கள் சுமார் 90,000 என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர், அதில் பெரும்பான்மை தோட்டத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். வார்த்தை பலிக்காதபோது லாரி வந்தது.

அவர்கள் போகும்போதே கையிருப்பு இல்லாதவர்கள். கிராண்டனின் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம். அரிசிக் கப்பல் நின்றுவிட்டது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். கிழங்கு வயிற்றை நிரப்பும், நூறு கிராமில் ஒன்றரை கிராம் புரதம்கூடத் தேறாது. மலாயாத் தோட்டங்களிலேயே அந்தக் காலத்தில் கால் புண் பெருகிவிட்டது. சாக்குத்துணி கட்டிக்கொண்டு, கால் புண்ணில் இலை கட்டிக்கொண்டு பெரட்டுக்கு நின்ற கதைகளை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அந்த உடம்போடுதான் ரயிலேறினார்கள்.

ரயில்பாதையில் புண் ஒரு மூங்கில் கீறலில் தொடங்கும். செருப்பில்லாத கால், சகதி, கல் வெட்டும் இடத்தில் தெறிக்கும் சில்லு. கணைக்காலின் முன்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கம்மி. ஒரு சின்னக் கீறல் மூன்று நாளில் காசளவு, ஒரு வாரத்தில் தட்டளவு. ஓரம் கறுத்து, நடுவே சாம்பல் நிறத்தில் அழுகி, வாடை கொட்டகையைத் தாண்டி வீசும். மருத்துவர்கள் இதை வெப்பமண்டலப் புண் என்றார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு நாகா புண் என்று பெயர். அங்கேயும் வந்தது கூலிகளின் காலில்தான். அழுகலை உண்டாக்கும் கிருமிகள் உண்டு. ஆனால் அதே சகதியில் நின்ற, வயிறு நிறைந்த காவல்காரன் காலில் அந்தக் கிருமி அவ்வளவு ஆழம் போகவில்லை.

காரணத்தை இன்று சுலபமாகச் சொல்லலாம். புண் பட்டதும் உடம்பு முதலில் ரத்தத்தை நிறுத்தும். அடுத்து வெள்ளை அணுக்கள் வந்து கிருமியைத் தின்று துப்புரவு செய்யும். பிறகு புதுச் சதை அடியிலிருந்து ஏறும், கடைசியில் தோல் ஓரத்திலிருந்து நடந்து வந்து மூடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரக்கு வேண்டும். அணுக்கள் பெருகப் புரதமும் துத்தநாகமும் வேண்டும். தோல் வளர வைட்டமின் ஏ, கயிறு திரிக்க வைட்டமின் சியும் இரும்பும். இது எல்லாவற்றுக்கும் முன்னால், அடுப்பெரிய விறகு மாதிரி, மொத்தச் சாப்பாடு போதுமானதாக இருக்க வேண்டும். அது போதாவிட்டால் உடம்பு கிடைக்கும் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். அப்புறம் தன் தசையையே எரிக்கும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஆறாத புண் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் வரை நாள்தோறும் தேவை என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஐம்பது கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒருவனுக்கு அரைக் கிலோ அரிசி முழுசாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 35 கிராம்தான் புரதம். கூட வரும் பூசணிக்காய்த் தண்ணீரில் ஒன்றும் இல்லை. புண்ணிலிருந்து வழியும் நீரிலும் புரதம் போகிறது. பேதியில் போகிறது, மலேரியாக் காய்ச்சலில் எரிகிறது. பெரிபெரி வந்து கால் வீங்கினால் வீங்கிய காலில் ரத்த ஓட்டம் இன்னும் மந்தம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரயில்பாதையில் ஸ்கர்வி பெரிய கொலைகாரன் அல்ல. காட்டுக்கீரையும் மிளகாயும் ஓரளவு கிடைத்தன. அங்கே ஆளைத் தின்றது மொத்தப் பட்டினியும் புரதக் குறைவும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. வேலைக்குப் போகாதவனுக்கு ரேஷன் குறைவு. புண் பட்டவனால் நிற்க முடியாது, அதனால் அவன் சாப்பாடு குறையும். எந்த நாளில் அவன் உடம்புக்கு அதிகம் தேவையோ அந்த நாளில்தான் தட்டில் குறைந்தது. கூலிகள் நோயால் செத்தார்கள் என்று பல புத்தகங்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியில் இந்த விதி இல்லை. அது இல்லாமல் எழுதுவது பாதிக் கதைதான்.

முட்டையின் விலை

போர்க்கைதி முகாம்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். பர்மா பக்கம் 55ஆம் கிலோமீட்டர் முகாமில் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ், கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுத்தார். முடியாத கால்களை, நூறுக்கும் மேல், துண்டித்தார். சயாமின் சுங்கை முகாமில் கனடாக்காரர் ஜேக்கப் மார்கோவிட்ஸ் அதே வேலையைச் செய்தார். ரத்தம் உறையாமலிருக்க அதைக் குச்சியால் கடைந்து, வடிகட்டி, அடுத்தவருக்கு ஏற்றினார். அமெரிக்கக் கைதிகளோடு இருந்த டச்சு மருத்துவர் ஹென்ரி ஹெக்கிங் சுரபாயாவில் பிறந்தவர், காட்டு மூலிகை அறிந்தவர். காலை வெட்டாமல் காப்பாற்றப் பார்த்தார். புழுக்களை விட்டு அழுகலைத் தின்ன வைத்தார்கள். ஐயடோபார்ம் பொடி கிடைத்தால் அது தங்கம்.

ஆனால் சுரண்டிய புண்ணில் சதை ஏற வேண்டுமே. அதற்குக் கைதி மருத்துவர்கள் அலைந்தது வாத்து முட்டைக்காக. ஜப்பானியர்கள் அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த அதிகாரிகளிடமிருந்து ஒரு பங்கைப் பிடித்து நோயாளிகளுக்கான நிதி சேர்த்தார்கள். குவாய் நதிப் படகுகளில் தாய் வியாபாரிகள் வாத்து முட்டை, சர்க்கரை, எலுமிச்சை, பயறு கொண்டுவந்தார்கள். காஞ்சனாபுரி வியாபாரி பூன் போங் தன் உயிரைப் பணயம் வைத்து மருந்தும் பணமும் கடத்திக் கொடுத்ததைக் கைதிகள் கடைசி வரை நன்றியோடு சொன்னார்கள். ஒரு வாத்து முட்டையில் ஏறத்தாழ 9 கிராம் புரதம், கூடவே வைட்டமின் ஏ, துத்தநாகம். மேலே போட்ட கணக்கில் மூன்று முட்டையைச் சேர்த்துப் பாருங்கள். பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிடும்.

முட்டை போதுமான அளவு கிடைத்தது என்று சொல்லவில்லை. கிடைத்திருந்தால் அத்தனை கால்களை வெட்டியிருக்கமாட்டார்கள். ஆனால் கைதிகளிடம் மருத்துவர் இருந்தார், நிதி இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது, ஒழுங்கு இருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் இருந்த தமிழர்களிடம் இவற்றில் எது இருந்தது? கங்காணியும் கிராணியும் இருந்தார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. பேசிய கூலி பலருக்குக் கைக்கு வரவில்லை. வந்தவர்களும் தனித்தனி ஆள், நிதி சேர்க்க ஓர் அமைப்பு இல்லை. 1943 நடுவில் காலரா வந்து கூலி முகாம்களைத் துடைத்தெடுத்த பிறகுதான், சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து மருத்துவம் தெரிந்த கைதிகளை இரண்டு குழுக்களாகக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் பேர். லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்கு அவ்வளவுதான். மருந்தும் பாயும் இல்லாமல், பார்க்க ஆளில்லாமல் கிடந்தவர்களைத்தான் அவர்கள் அங்கே கண்டார்கள்.

கோட்ஸ் 1946இல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார். காஞ்சனாபுரி போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. நம்முடையவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. நமக்கு இருந்தவை வாய்மொழியும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்களும்தான். ஆஸ்பத்திரிக் குறிப்பேடு இல்லாத இடத்தில் நாவல்காரர்கள்தான் குறிப்பேடு எழுதினார்கள்.

போருக்குப் பிறகு இந்த அறிவு இன்னும் விரிந்தது. இந்தியாவில் பிறந்த ஆனந்த பிரசாத் 1960களின் தொடக்கத்தில் ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பார்த்து, துத்தநாகக் குறைவு என்ற ஒன்று மனிதர்களுக்கு உண்டு என்று காட்டினார். அப்புறம் துத்தநாக மாத்திரை தந்தால் புண் வேகமாக ஆறுமா என்று பலர் சோதித்தார்கள். உடம்பில் குறைவு உள்ளவர்களுக்குப் பயன்பட்டது, மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வைட்டமின் சிக்கும் இதே கதைதான். நிறைந்த பானையில் தண்ணீர் ஊற்றினால் வழியத்தான் செய்யும். இன்று மருந்துக்கடைகளில் விற்கும் விலையுயர்ந்த டப்பாக்களை வாங்குமுன் இதை யோசிக்கலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆள் என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

போர்வை

பெரியதாத்தாவின் கதையை என் மூத்த மாமா சொன்னார். அம்மாவின் அண்ணன், இப்போது எண்பதை நெருங்குகிறார். ஒரு தீபாவளி இரவு, உள்ளே கொஞ்சம் சம்சு போனபிறகு, பெரியதாத்தா அவரிடம் மட்டும் சொன்னது.

சயாமில் அவரோடு ஒரே பரணில் படுத்தவர், அதே தோட்டத்து ஆள். இருவருக்கும் கால் புண். அந்தக் கூட்டாளிக்குப் பேதியும் சேர்ந்துகொண்டது. அவரிடம் ஒரு கம்பளிப் போர்வை இருந்தது. துணிக்குத் தாய் வியாபாரிகளிடம் நல்ல கிராக்கி. "வித்துத் தின்னுடா, ரெண்டு பேரும் பொழைப்போம்" என்று பெரியதாத்தா சொன்னாராம். குளிர்கிறது என்று அவர் தரவில்லை. ஒரு விடியற்காலை அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு ஆறுவதற்கு முன்பே பெரியதாத்தா போர்வையை உருவி, ஆற்றங்கரைக்குத் தவழ்ந்து போய், முட்டைக்கும் கருவாட்டுக்கும் மாற்றினார்.

"பத்துப் பதினஞ்சு நாளு அதத்தான் தின்னேன். புண்ணுல செவப்பாச் சதை ஏறுச்சு. எனக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் முட்டையக் கண்டா அவன் மூஞ்சிதான் வருது" என்றாராம்.

அவர் முட்டை தொடாததற்கு அதுதான் காரணம். பத்தியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவரும் திருத்தவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். பேசாமல் கேட்டார். "பெரியப்பா எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. சித்தியின் பத்தியத்தைக் கேலி செய்ய நான் விரும்பவில்லை. ஒவ்வொரு பத்தியத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் அனுபவம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே இன்னொரு வழக்கமும் இருக்கிறதே. அறுவைச் சிகிச்சை ஆனவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மலாய்க்காரர்கள் ஹாருவான் மீன், நம் விரால் மீன், சாறு வைத்துக் கொடுப்பார்கள். சில தமிழ் வீடுகளிலும் அது உண்டு. பக்கத்து வீட்டு மக்சே கொண்டுவந்த ஹாருவான் சாற்றை அம்மா முதலில் குடித்தார். இரண்டு நாள் கழித்து, நான் கேட்காமலேயே, ஒரு முட்டையை அவித்துக்கொண்டார்.

முட்டை மட்டும் புண்ணை ஆற்றியது என்று சொல்லமாட்டேன். இன்சுலின் ஊசியை மாற்றினார்கள், கட்டு ஒழுங்காக நடந்தது, காலைத் தரையில் ஊன்றாமல் அம்மாவும் பொறுமையாக இருந்தார். பத்தாவது வாரம் மிஸி கட்டைப் பிரித்துவிட்டு, "சதை ஏறிருச்சும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்து அந்தப் போர்வைக்காரர் பெயரைக் கேட்டேன். பெரியதாத்தா பெயரைச் சொல்லித்தான் இருக்கிறார். மாமாவுக்கு ஞாபகம் இல்லை.